சீயீ பனியாறு: எண்ணா, நாளா?

கேள்வி

வடமேற்குச் சீனத்தின் சீலியன் மலைத்தொடரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்து வருகிறேன். அதில் ஓரிடத்தில் 'சூலை முதல் நாள் பனியாறு' என்றும், சில பக்கங்கள் தள்ளி, நான் எழுத்துக் கூட்டிப் படித்தவரையில் 'கியூயி பனியாறு' என்றும் வருகிறது. இரண்டிற்கும் சொல்லப்படும் இருப்பிடமும் உயரமும் ஒத்துப்போவதால், இவை ஒன்றே என ஐயுறுகிறேன். அகராதியைப் புரட்டியதில் அப்பெயரின் முதல் அசைக்கு ஏழு, இரண்டாவதற்கு ஒன்று என்று பொருள் கிடைத்தது. உருமுச்சி நகருக்கு அருகே 'முதலாம் எண் பனியாறு' இருப்பதை அறிவேன். அவ்வாறாயின் இது 71ஆம் எண் பனியாறா? தமிழில் பெயரை மொழிபெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா?

மறுமொழி 1

இரண்டும் ஒன்றேதான். ஆனால் அது எண் அன்று, நாள். சீனத்தில் எழுபத்தொன்று என்பதை 'ஏழு பத்து ஒன்று' என்ற முறையில் 'சீ ஷீ யீ' என மூன்று அசைகளாகச் சொல்ல வேண்டும். நடுவில் பத்து இல்லாத 'சீ யீ' ஏழாம் மாதத்தின் முதல் நாளையே குறிக்கும். அங்கே மாதம் முன்னும் நாள் பின்னும் வருவதால், நம் வழக்கப்படி படித்து சனவரி 7 என்று கொண்டுவிடக் கூடாது.

1958ஆம் ஆண்டு சீன அறிவியல் கழகம் சீலியன் மலைகளுக்கு ஆய்வுக் குழுக்களை அனுப்பியது. சீனப் பனியாற்றியலின் தந்தை எனப் போற்றப்படும் ஷீ யாஃபெங் அம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். சோவியத் வல்லுநரும் உடன் சென்றனர். கான்சு மாகாணத்தில், சியாயூகுவான் நகருக்குத் தென்மேற்கே, கடல் மட்டத்திலிருந்து 4,300 மீட்டருக்கு மேல் கிடக்கும் இப்பனியாற்றை அவர்கள் சூலை 1 அன்று கண்டறிந்தனர். அது சீனப் பொதுவுடைமைக் கட்சியின் நிறுவன நாள் என்பதால் அந்நாளே பெயராயிற்று. (கட்சியின் முதல் மாநாடு உண்மையில் தொடங்கியது 1921 சூலை 23இல்; சூலை 1 பின்னர் நினைவுநாளாக வரித்துக்கொள்ளப்பட்டது.) குழு மலையேறியது பெயர் சூட்டுவதற்காக அன்று, கீழே வறண்டு கிடந்த கான்சு நிலங்களுக்கு உருகுநீர் தேடியே சென்றது. பனியின் மேல் கரிய தூளைத் தூவி வெயிலில் விரைவாக உருகச் செய்யும் சோதனைகள்கூட அக்காலத்தில் நடந்தன.

மறுமொழி 2

மேலே கூறப்பட்டது சரி. எனினும் இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, 'பத்து' என்னும் அசையைக் கொண்டு எண்ணையும் நாளையும் பிரிக்கும் உத்தி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. 'ஷீ யீ' என்பது பதினொன்றையும் குறிக்கும். அக்டோபர் முதல் நாளான சீனத் தேசிய நாளையும் குறிக்கும். சூழலே அங்கு வழிகாட்டி. சீலியன் மலைத்தொடரிலேயே ஹெய் ஆற்றின் தலைப்பகுதியில் 'பாயீ பனியாறு' ஒன்று உண்டு. 'பா யீ' என்பது ஆகஸ்ட் 1. 1927ஆம் ஆண்டு நான்சாங் நகரில் பொதுவுடைமையர் நடத்திய ஆயுத எழுச்சியை நினைவுகூரும் சீனப் படை நாள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பெயரிட்ட காலத்தின் மனப்போக்கு விளங்கும்.

இரண்டாவது, சீன எழுத்தில் எழுதப்பட்ட பெயரெல்லாம் சீனச் சொல்லாகிவிடாது. எவரெஸ்டின் வடபுறமுள்ள ரோங்புக் பனியாற்றின் பெயர் திபெத்தியம். ஆனால் அதைச் சீனத்தில் எழுதப் பயன்படும் இரண்டு எழுத்துகளுக்கும் நேர்ப்பொருள் கண்டால் 'ஃபிளானல் துணி' என்று வரும்! சீலியன் என்பதே சியோங்னு என்னும் பண்டைய நாடோடி மக்களின் சொல் என்றும், வானம் என்று பொருள்படும் என்றும் தாங் அரசமரபுக் காலத்து உரையாசிரியர் யான் ஷிகூ எழுதியிருக்கிறார். சீயீ அப்படியன்று, பிறந்ததே சீனத்தில்தான் என்பதால் அகராதி உங்களை ஏமாற்றவில்லை, கூட்டிப் படித்த முறையே ஏமாற்றியது.

கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் என் தமிழாக்கத்தில் எதை வைத்துக்கொள்வது?

மறுமொழி 1

நான் மொழிபெயர்ப்பையே விரும்புவேன். அங்கு ஆய்வு செய்த சப்பானிய அறிஞர்களும் தம் ஆங்கிலக் கட்டுரைகளில் 'சூலை முதல் நாள் பனியாறு' என்றே எழுதினர்.

மறுமொழி 2

நான் உடன்படவில்லை. சீன ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது பெரும்பாலும் ஒலிபெயர்ப்பையே ஆள்கின்றனர். நிலப்படத்தில் தேடுபவருக்கும் அதுவே பயன்படும். எனவே 'சீயீ பனியாறு' என்று எழுதி, முதன்முறை வருமிடத்தில் மட்டும் 'சூலை முதல் நாள்' என்ற பொருளைச் சுட்டுங்கள். கியூ என்னும் உரோம எழுத்தைக் கண்டு 'கி' என்று தொடங்க வேண்டா. சீனத்தில் அது 'பச்சை' என்னும் சொல்லில் நாம் ஒலிக்கும் சகரத்தை மூச்சோடு சொல்வது போன்றது. பின்பாதியை மட்டும் தயங்காமல் மொழிபெயர்க்கலாம். சீனத்தில் பனியாற்றுக்குப் 'பிங்ச்சுவான்' என்று பெயர்: பிங் என்றால் பனிக்கட்டி, ச்சுவான் என்றால் ஆறு. நம் சொல்லும் அதே இரண்டு பொருளைச் சேர்த்து அமைந்ததே. ஆகவே 'பனிப்பாறை' என்று மாற்றி எழுதிவிடாதீர்கள்.