திருகோணமலை நிலாவெளிக் கடற்கரையில் தங்கி நிற்கும்போது ஏற ஒரு மலை?

வவுனியாவில் இருந்து: ஆடியில் நாலு நாள் நிலாவெளியில் நிற்கிறோம். மூத்தவனுக்குப் பாறை ஏறவேண்டும் என்று ஒரே ஆசை, எங்கள் வன்னியோ வயலும் குளமும்தான். ஒரே நாளில் போய்வரக்கூடிய மலை ஏது?

கிளிநொச்சி: பிதுரங்கல போங்கோ அண்ணா, சிகிரியாவுக்கு எதிரே உள்ள பாறை. ஹபரணை வழியாக, விடிய நாலு மணிக்கே வெளிக்கிடுங்கோ. அடிவாரத்தில் விகாரை, தோளும் முழங்காலும் மூடவேண்டும். பாதி வழியில் செங்கல்லால் கட்டிய சயனப் புத்தர். கடைசித் துண்டில் படியே இல்லை, பெரிய பாறைகளுக்கு இடையில் கையை ஊன்றி உடம்பை மேலே இழுக்கவேண்டும்; என் மகளுக்கு அங்கே கால் நடுங்கிவிட்டது, பின்னால் வந்தவர்கள்தான் தாங்கினார்கள்.

முல்லைத்தீவு: கடற்கரைச் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கோ. மழை வந்தால் திரும்பிவிடுங்கோ, ஈரப்பாறை வழுக்கும்.

வவுனியா: சரி, நன்றி. கடைக்குட்டியை அம்மம்மாவோடு கரையிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.