எஞ்சினுக்குப் பின்னால் சிக்கியுள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்ற வழி உண்டா?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய, குறுக்குவாட்டில் பொருத்தப்பட்ட வி6 பெட்ரோல் எஞ்சின் கொண்ட கார் ஒன்று உள்ளது. இரண்டு வாரங்களாகச் செக் எஞ்சின் விளக்கு அணையாமல் எரிகிறது. ஸ்கேனரில் பி0135 என்ற குறியீடு வருகிறது. முதல் சிலிண்டர் வரிசையில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது) ஹீட்டர் சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். என் காரில் அந்த வரிசை பயணியர் அறையை ஒட்டிய தடுப்புத் தகட்டின் பக்கம் இருக்கிறது. மேலிருந்து கையை விட்டால் மணிக்கட்டுக்கு மேல் போவதில்லை; காரின் அடியில் படுத்துப் பார்த்தால் சென்சாரின் அறுகோணத் தலை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் ஸ்பேனரைத் திருப்ப இடமில்லை. வயர் நுழைவதற்காகப் பக்கவாட்டில் வெட்டு விட்ட சாக்கெட்டைப் போட்டு முயன்றேன். சென்சார் அசையவில்லை, சாக்கெட்டின் வாய்தான் விரிந்தது. தலை மழுங்கிவிடுமோ என்ற அச்சத்தில் நிறுத்திவிட்டேன். புதிய சென்சார் கையில் இருக்கிறது. இன்டேக் மேனிஃபோல்டை (எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுப்பு) கழற்றாமல் இந்த வேலையை முடிக்க முடியுமா? அதுவரை காரை ஓட்டலாமா?

மறுமொழி 1

நல்ல நேரத்தில் நிறுத்தினீர்கள். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். இந்தக் குறியீடு சொல்வது ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு என்பதை மட்டுமே. சென்சார் செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை. எரிந்த ஃபியூஸ், உருகிய வயர், பச்சை பூத்த கப்ளர் (வயர் இணைப்பான்) ஆகிய எதனாலும் இதே குறியீடு வரும். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு கப்ளரைப் பிரித்து, கார் பக்கத்து முனையில் ஹீட்டருக்கான 12 வோல்ட் வருகிறதா என்று சோதியுங்கள். சில கார்களில் எஞ்சின் ஓடும்போது மட்டுமே அது வரும். அடுத்து, சென்சார் பக்கத்தில் ஒரே நிறமாக உள்ள இரண்டு வயர்களுக்கு இடையே மின்தடையை அளந்து பாருங்கள். நான்கு வயர் சென்சார்களில் பெரும்பாலும் அவையே ஹீட்டருக்கானவை. எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம். புதிய சென்சார் கையில் இருக்கிறதே, அதையும் அளந்து ஒப்பிட்டால் போதும்.

ஓட்டுவதைப் பொறுத்தவரை, உடனடி ஆபத்து இல்லை. இவ்வகைச் சென்சார் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகே ஒழுங்காக வேலை செய்யும். ஹீட்டர் இல்லாவிட்டால் புகையின் சூடு மட்டுமே அதைச் சூடேற்ற வேண்டும். அதுவரை எஞ்சின் கணினி குத்துமதிப்பாகவே பெட்ரோலைக் கொடுக்கும். ஆகவே செலவு கூடும்.

கேள்வி கேட்டவர்

அளந்துவிட்டேன். ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, கப்ளரில் 12.3 வோல்ட் வருகிறது. புதிய சென்சார் 6 ஓம் காட்டுகிறது, பழையது எதுவுமே காட்டவில்லை. ஹீட்டர் கம்பி உள்ளே அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். இனி கழற்றும் வழியைச் சொல்லுங்கள்.

மறுமொழி 2

பழையது பயனற்றது என்று உறுதியாகிவிட்டதால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி கிடைத்திருக்கிறது: அதன் வயரைத் தலையை ஒட்டி வெட்டிவிடலாம். வெட்டிய பின், பிளவு இல்லாத 22 மி.மீ. ஆறுமுனை ஆழ் சாக்கெட்டோ ரிங் ஸ்பேனரோ தலையை முழுவதுமாகக் கவ்வும். பன்னிரண்டு முனை சாக்கெட்டைப் போடாதீர்கள். மழுங்கத் தொடங்கிய தலையை அது உருட்டிவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை, இன்டேக் மேனிஃபோல்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, காரை ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது), கீழிருந்து நீண்ட எக்ஸ்டென்ஷனை விட்டு, ராட்செட்டை வீச இடமுள்ள பகுதிக்குக் கொண்டுவாருங்கள். வளைந்து திரும்பும் யுனிவர்சல் ஜாயின்ட்டைச் சேர்க்க நேர்ந்தால் கோணத்தைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் விசை பாதி வழியிலேயே வீணாகும். அப்படியும் எட்டவில்லை என்றால், எஞ்சினின் மேற்புறம் அதை ஆடாமல் பிடிக்கும் டார்க் மவுண்ட் தண்டு உள்ள கார்களில் அதைக் கழற்றி எஞ்சினைப் பட்டையால் சற்று முன்னுக்கு இழுத்துக் கட்டலாம். பின்பக்கம் இரண்டு விரற்கடை இடம் கிடைத்தாலே போதும். ஹோஸ்களும் வயர்களும் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முந்தைய இரவே மரையில் துருநீக்கி எண்ணெயை விட்டு ஊற வைத்து, மறுநாள் எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி வெதுவெதுப்பாக்கிய பின் முயலுங்கள்.

மறுமொழி 3

மேலே சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் உடன்பட முடியவில்லை. சூட்டோடு முழுவதும் கழற்றப் போனால் மரை மரையோடு ஒட்டி உரிந்து, சென்சார் திருகியுள்ள எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (புகை வெளியேறும் குழாய்) துளையையே கெடுத்துவிடும்; ஒருமுறை அந்தத் தவற்றைச் செய்து, கடைசி இரண்டு சுற்றில் மாட்டிக்கொண்டேன்.

மறுமொழி 2

அது சரிதான், நான் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். முதல் அசைவுக்கு மட்டும் சூடு உதவும். கால் சுற்று நகர்ந்ததும் ஆறவிட்டு, மீண்டும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும். இறுக்கம் கூடினால் முன்னேறாமல் பின்வாங்குங்கள்.

புதியதை மாட்டும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை ஏற்கெனவே தடவி வந்திருந்தால் மேலும் தடவ வேண்டாம், எப்படியும் நுனியில் படவே கூடாது. அருகில் சிலிக்கான் சீலன்ட்டைப் பயன்படுத்தினால் அதன் ஆவியே சென்சாரைக் கெடுக்கும். வெட்டிய வயரில் ஈயப்பற்று வைத்து இணைக்கும் எண்ணமும் வேண்டாம். பல சென்சார்கள் புகையோடு ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை வயரின் உள்வழியேதான் இழுக்கின்றன. கையால் முழுதும் திருகிய பின் ஏறக்குறைய 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, அதன் பிறகே கப்ளரை மாட்டுங்கள். முன்னதாக மாட்டினால் வயர் முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்

இரண்டு மாலைகள் பிடித்தன. வயரை வெட்டி, ஆழ் சாக்கெட்டோடு கிட்டத்தட்ட 60 செ.மீ. எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துக் கீழிருந்து திருப்பியபோது, முதலில் எதுவும் நடக்கவில்லை. மூன்றாவது முறை ‘டக்’ என்ற ஓசை கேட்டது. எக்ஸ்டென்ஷன் உடைந்துவிட்டது என்று நினைத்தேன், உண்மையில் சென்சார்தான் அசைந்திருந்தது. ஆறவிட்டு, எண்ணெய் விட்டு, மெதுவாக எடுத்தேன். துளையின் வாய்ப்பக்க மரை சிறிது உரிந்திருந்ததால், 18 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் கொண்ட சேஸரில் (மரையைச் சீராக்கும் கருவி) கிரீஸ் தடவி ஓட்டிச் சுத்தம் செய்தேன். துகள்கள் கிரீஸிலேயே ஒட்டி வந்துவிட்டன. புதியது கையாலேயே கடைசிவரை இறங்கியது. குறியீட்டை அழித்து நான்கு நாள் ஓட்டிவிட்டேன், விளக்கு வரவில்லை. அடுத்த வாரம் புகைச் சோதனைக்குக் கொண்டுபோகலாமா?

மறுமொழி 1

குறியீட்டை அழித்தபோது கணினியின் சுயசோதனை முடிவுகளும் அழிந்திருக்கும். ஸ்கேனரில் அச்சோதனைகள் அனைத்தும் மீண்டும் முடிந்துவிட்டதாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். இன்னும் முடியவில்லை என்றால், குளிர்ந்த நிலையில் எஞ்சினைக் கிளப்பி, சீரான வேகத்தில் கொஞ்சம் நீண்ட தூரம் ஓட்டுவதைச் சில நாள் தொடருங்கள்.