கான்ஸ்டான்ஸில் ஒரு கல்

போன வருடம் ஜூலை முதல் வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கான்ஸ்டான்ஸ் போனேன். ஜெர்மனியின் தெற்கு ஓரம், போடன் ஏரிக்கரை. சூரிச்சிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். ஏரிக்காகத்தான் கிளம்பினோம், ஆனால் பகல் முழுக்கப் பழைய நகரத்துச் சந்துகளிலேயே போய்விட்டது.

அங்கே வீட்டுச் சுவரிலேயே வீட்டின் பெயரையும் கட்டிய ஆண்டையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ‘உயர்ந்த வீடு’ என்று ஒன்று, 1294இல் கட்டியது. அம்மா ஒவ்வொரு சுவராக நின்று எண்களைப் படித்துக்கொண்டே வந்தார். உலகப்போரில் இதெல்லாம் எப்படித் தப்பியது என்று காபிக் கடையில் பக்கத்து மேசைப் பாட்டியிடம் கேட்டேன். “நாங்கள் விளக்கை அணைக்கவில்லை” என்றார். ஒரு தெரு தாண்டினால், போரில் சேராத சுவிட்சர்லாந்தின் க்ரொய்ஸ்லிங்கன். ராத்திரியில் இரண்டு ஊரிலும் விளக்கு ஒன்றாக எரிந்தால் மேலே பறப்பவனுக்கு எல்லை தெரியாது. ஊரே இப்படித்தான் சொல்கிறது.

படகுத்துறை பக்கம் 1388இல் கட்டிய பெரிய சரக்குக் கிடங்கு இருக்கிறது. அது கட்டிய பிறகு, ஒரே சமயத்தில் மூன்று பேர் நான்தான் போப் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலம் வந்தது. அதைத் தீர்க்க 1414இல் இந்த ஊரில் சபை கூடியது. 1417இல் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தது அந்தக் கிடங்கில்தான்.

அதே சபைதான் யான் ஹுஸ்ஸையும் விசாரித்தது. பிராகாவில் மக்கள் மொழியில் பிரசங்கம் செய்த செக் பாதிரியார். பத்திரமாக வந்து போகலாம் என்று மன்னர் சிகிஸ்முண்ட் கடிதமே கொடுத்திருந்தார். வந்து ஒரு மாதம் ஆவதற்குள் பிடித்து அடைத்துவிட்டார்கள். மத விரோதி என்று தீர்ப்புச் சொல்லி, 1415 ஜூலை 6 அன்று ஊருக்கு வெளியே உயிரோடு எரித்தார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம் அந்தக் கடிதம்தான்.

அவர் நினைவாக 1862இல் வைத்த கல்லைத் தேடிப் போனோம். வீடுகளுக்கு நடுவே ஒரு பெரிய பாறை, அவ்வளவுதான். மறுவருடம் எரிக்கப்பட்ட அவருடைய நண்பர் ஜெரோமின் பெயரும் அதில் இருக்கிறது. எங்களுக்கு முன்பே ஒரு வயதான செக் தம்பதி வந்திருந்தார்கள். அந்த அம்மா பூ வைத்தார். பெரியவர் கைக்குட்டையை எடுத்து, எழுத்துக்குள் படிந்திருந்த மண்ணை ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தார். பேச எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அம்மா கைகூப்பினார். அவரும் அதேபோல் கைகூப்பினார்.

“இங்கதான் புதைச்சிருக்காங்களா?” என்று அம்மா கேட்டார்.

“இல்லம்மா. யாரும் ஒரு பிடி எடுத்து வச்சுக்கக் கூடாதுன்னு சாம்பலை ரைன்ல கொட்டிட்டாங்க.”

அப்புறம் அம்மா ஒன்றும் பேசவில்லை. ஸ்டேஷனுக்கு ஆற்றங்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தோம். ரைன் அங்கே பச்சையாக, அடி தெரியும்படி ஓடுகிறது. “இந்தத் தண்ணியிலயா?” என்றார். ஆமாம் என்றேன். அடுத்த ரயிலுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார்.