எண்கோட்டில் 7/3, −7/3: எங்கே பிசகுகிறது?

கேள்வி:
7/3 என்பது 2-க்கும் 3-க்கும் நடுவில் வரும் என்று பிள்ளைகள் சரியாகவே சொல்கிறார்கள். குறிக்கச் சொன்னால் அந்த இடைவெளிக்குள் மூன்று கோடு போட்டு, முதல் கோட்டைக் காட்டுகிறார்கள். −7/3 என்றால் −2-க்கும் −1-க்கும் நடுவே போய்விடுகிறது. எப்படித் திருத்துவது? ஏழு சம பாகம் பிரிக்க எளிய வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

பதில் 1:
உள்ளே மூன்று கோடு போட்டால் பாகம் நான்காகிவிடும். அவர்கள் காட்டுவது 9/4. மூன்று பாகத்துக்கு இரண்டு கோடு போதும். எண்ண வேண்டியது இடைவெளியை, கோட்டை அல்ல.

கலப்பு பின்னமாக மாற்றும் முன் 0-விலிருந்து 1/3, 2/3, 3/3 என்று தாவச் சொல்லுங்கள். 3/3 சரியாக 1-இல், 6/3 சரியாக 2-இல் விழ வேண்டும். விழாவிட்டால் பிரித்தது தப்பு என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். அடுத்த தாவல் 7/3. 0-வில் நிற்பதையே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்குகிறார்களா என்றும் பாருங்கள். அப்படி எண்ணினால் 7/3 போய் 2-இல் உட்காரும்.

பதில் 2:
குறை எண்ணில் சிக்கல் வேறு. −7/3 என்பது −2 − 1/3. பிள்ளைகள் −2-க்குப் போய், பழக்கத்தில் வலப்பக்கம் 1/3 நகர்கிறார்கள், கிடைப்பது −5/3. முதலில் 7/3-ஐக் குறித்து, 0-விலிருந்து அதே தொலைவை இடப்பக்கம் அளக்கச் சொல்லுங்கள். வலப்பக்கம்தான் நகர்வேன் என்றால் −3-இலிருந்து இரண்டு பாகம் நகரட்டும், அதுவும் −7/3-தான்.

பதில் 3:
ஏழு பாகத்துக்கு ஓர் அலகை 7 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. கோடு ஏற்கெனவே வரைந்தாகிவிட்டது என்றால் கோடு போட்ட நோட்டு உதவும். ஓர் அலகு நீளத்துக்குக் காகிதத் துண்டு வெட்டி, ஒரு முனையை ஒரு வரியிலும் மறுமுனையை அதிலிருந்து ஏழாவது வரியிலும் படும்படி சாய்த்து வையுங்கள். இடையில் ஆறு வரிகள் துண்டைத் தொடும் இடங்களைக் குறித்தால் ஏழு சம பாகம். சம இடைவெளியுள்ள இணைகோடுகள் எந்தச் சாய்கோட்டையும் சமமாகவே வெட்டும். வரிகள் 8 மி.மீ. இடைவெளியில் இருந்தால் துண்டு 56 மி.மீ.க்குக் குறையக் கூடாது, குறைந்தால் எட்டாது.

மடித்துப் பிரிக்கும் பழக்கம் 2, 4, 8-க்குத்தான் சரி.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 7/3-ஐ 2.3 என்று வைத்துக் குறிக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். வித்தியாசம் 1/30. அலகு 15 செ.மீ. என்றால் புள்ளி அரை செ.மீ. தள்ளி விழும்.