நடுவர் இல்லாத ஆட்டத்தில் தெரிந்தே ஃபவுல்: எப்படி நிறுத்துவது?

அல்டிமேட் ஃபிரிஸ்பீ (பறக்கும் தட்டை எறிந்து பிடித்து ஆடும் அணி விளையாட்டு; ஃபவுலை வீரர்களே சொல்லிக்கொள்வோம்), அணிக்கு 7 பேர், வாரயிறுதி லீக். சீசன் தொடங்கியதிலிருந்தே எதிரணி வீரர் ஒருவர் இதே வேலையாக இருக்கிறார். எங்கள் ஆள் தடுப்பாரின்றி முன்னே ஓடினால் போதும், தட்டை எறியப்போகும் எங்கள் வீரரின் முழங்கையில் ஒரு இடி. நாங்கள் ஃபவுல் என்றால் மறுக்காமல் ஒத்துக்கொள்வார். ஸ்டால் எண்ணிக்கை (எறிபவருக்கான நேரத்தைத் தடுப்பவர் உரக்க எண்ணுவது) ஒன்றிலிருந்து தொடங்கும், சரி; ஆனால் ஓடியவரின் முன்னிலை போயே போச்சு! யாரும் வேண்டுமென்றே விதி மீறமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தானே கடும் தண்டனையே வைக்கவில்லை?

அவர்கள் கேப்டனிடம் சொன்னோம். ஸ்பிரிட் ஸ்டாப்பேஜ் (நேர்மையாக ஆடுவது பற்றிப் பேச ஆட்டத்தை நிறுத்துவது) கேட்டு, இரு அணியும் வட்டமாக நின்று பேசினோம். எதிரணியின் ஆட்டப் பண்புக்கு மதிப்பெண் போடும் ஸ்பிரிட் தாளில் உடல் மோதலுக்கு 4-க்கு 0 போட்டோம். பலனில்லை. பதிலுக்கு நாமும் இடிக்கலாம் என்கிறார்கள் எங்கள் பசங்க. அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

விதிக்குள் நின்றே இதை நிறுத்தியவர்கள் என்ன செய்தீர்கள்?