பொருள்: ‘அனானிமஸ் கமெண்ட்’ தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

[கோவை, மொழிபெயர்ப்பு]
அனைவருக்கும் வணக்கம். கட்டற்ற மென்பொருள் ஒன்றின் கருத்துப்பெட்டியைத் தமிழாக்கி வருகிறேன். மூன்று சரங்கள் (திரையில் தோன்றும் சொற்றொடர்கள்) மட்டும் நிற்கின்றன: ‘அனானிமஸ் கமெண்ட்’, ‘அனானிமஸாக இடு’, ‘அனானிமஸ் கமெண்ட்டுகளை அனுமதி’. வெள்ளி இரவு கோப்பைப் பூட்டிவிடுவார்கள். பிளாக்கரில் ‘பெயரில்லா சொன்னது’ என்று வருமே, அப்படி ஆகிவிடக் கூடாது. பெயரெச்சம் அங்கே பெயர் கிடைக்காமல் தொங்குகிறது. பொத்தான் கைப்பேசியிலும் அடங்க வேண்டும்.

[சென்னை]
‘அனானி’. வலைப்பதிவுக் காலத்திலேயே முடிந்துபோன விஷயம். “அனானி ஒருத்தர் வந்து திட்டிட்டுப் போயிருக்கார்” என்றால் புரியாதவர் யார்?

[மதுரை, தமிழாசிரியர்]
புரிந்தால் போதுமா? அது பாதியில் வெட்டிய ஆங்கிலம். ‘அநாமதேயம்’ வடமொழி. நம்மிடம் ‘மொட்டைக் கடுதாசி’ இருக்கும்போது கவலை எதற்கு? ‘மொட்டைக் கருத்து’ என்று போடுங்கள்.

[கோவை]
ஐயா, பொத்தானில் ‘மொட்டையாக இடு’ என்று வந்தால் பழனிக்குப் பதிவு என்று நினைத்துக்கொள்வார்கள்.

[யாழ்ப்பாணம்]
சிரிப்பை விட்டுப் பார்த்தாலும் ‘மொட்டை’ வேண்டாம். மொட்டைக் கடிதம் என்றாலே கோள் சொல்பவன், கோழை என்ற தீர்ப்பு அதற்குள் இருக்கு. பெயர் போட்டு எழுத ஏலாத காலத்தில் கனபேர் எழுதினவை. மேலாளர் கைவைத்ததைச் சொல்ல வரும் பெண்ணிடம் ‘மொட்டையாக இடு’ என்பீர்களோ? நான் சொல்வது ‘பெயரிலி’.

[சென்னை]
அக்கா சொல்வது நியாயம். ஆனால் எங்கள் ஊர்ச் செய்தித்தளத்தில் சாலை விபத்துச் செய்திக்குக் கீழே இறந்தவரின் சாதியைக் கேட்டு எழுதியவரும் பெயரிலிதான். அவருக்கும் இந்த மரியாதைதானா?

[யாழ்ப்பாணம்]
பெயரைக் கேட்டால் அது நிற்கும் என்றுதான் தென் கொரியாவில் செய்து பார்த்தார்கள். 2007 முதல் பெரிய தளங்களில், 2009 முதல் நாளுக்கு 1 லட்சம் பேருக்கு மேல் வரும் தளங்களிலும், அடையாளத்தை உறுதிசெய்த பிறகே எழுத முடிந்தது. 2011இல் பெரிய தளமொன்றில் 3.5 கோடிப் பேரின் விவரம் களவு போனது. 2012 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாகத் தள்ளிவிட்டது. தீய பதிவுகள் குறைந்ததாகத் தெரியவில்லை, ஆட்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள் என்பதும் தீர்ப்பில் உண்டு.

[மதுரை, தமிழாசிரியர்]
கொரியா இருக்கட்டும். ‘மக்கள் நுதலிய அகன்ஐந்திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்கிறது தொல்காப்பியம். காதலைப் பாடும் அகப்பாட்டில் பெயர் சொல்லாமைதான் இலக்கணம். பாடிய புலவரின் பெயர் தெரியாதபோது அவர் சொல்லையே பெயராக்கினார்கள்: செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார். பேசாமல் கருத்திட்டவரின் முதல் தொடரையே பெயராக்கிவிடலாம். அப்புறம் இன்னொன்று. ஊரார் பேச்சுக்கு அம்பல், அலர் என்று இரண்டு சொற்கள். வாய்திறந்து சொல்லாமல் முகிழ்ப்பது அம்பல். இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையே இன்னது என்று விளங்கச் சொன்னால் அலர். கருத்துப்பெட்டிக்கே ‘அலர்’ என்று பெயரிட்டால் என்ன?

[சென்னை]
முதல் தொடரே பெயரா? நேற்று வந்த ஒரு கருத்தின் முதல் தொடர் ‘போடா வெண்ணெய்’. வெண்ணெயார் என்று போடவா?

[கோவை]
ஐயா, அலர் அருமை, ஆனால் நாளை வெள்ளி. என் தயக்கம் வேறு. ‘இலி’ என்றால் இல்லாதவர். இவருக்குப் பெயர் இருக்கிறது, சொல்லவில்லை. ‘மறைபெயர்’ என்றால் அதுவும் வரும்.

[யாழ்ப்பாணம்]
மறைபெயர் புனைபெயரோடு குழம்பும். புனைபெயர்க்காரரை அடுத்த முறை அடையாளம் தெரியும், பெயரிலியைத் தெரியாது. ‘மறை’ என்றவுடன் ஏதோ தப்புச் செய்தவர் போலவும் கேட்கும்.

[மதுரை, தமிழாசிரியர்]
இலி என்றாலும் குறைதானே அம்மா? அறிவிலி, அகதியைச் சொல்லும் ஏதிலி.

[யாழ்ப்பாணம்]
ஏதிலி என்ற சொல்லோடு நாங்கள் நிறைய நாள் இருந்தாயிற்று ஐயா. அதில் குறை, ஆளிடம் இல்லை.

[கோவை]
சரி. பெயரிலிக்கு நான்கு பேர், அனானிக்கு இரண்டு, மொட்டைக்கு ஐயா ஒருவர். மற்றவர்கள் பேசவில்லை. ‘பெயரிலிக் கருத்து’, ‘பெயரின்றி இடு’, ‘பெயரிலிக் கருத்துகளை அனுமதி’ என்று ஏற்றிவிட்டேன்.

[மதுரை, தமிழாசிரியர்]
‘பெயரிலிக்’ என்பதில் ‘க்’ ஒற்று எங்கிருந்து வந்தது? பெயரிலி ஆளைக் குறித்தால் ‘ஆவி யரமுன் வன்மை மிகா’, நன்னூல் 159. ஆளைக் குறிக்கும் பெயர் உயிரில் முடிந்தால் அடுத்து வரும் வல்லினம் மிகாது. ‘பெயரிலி கருத்து’ என்று திருத்துங்கள்.

[கோவை]
ஆளை அல்ல ஐயா, கருத்தைச் சொன்னேன். பெயரிலியாகிய கருத்து. அஃறிணை. மிகும்.

[மதுரை, தமிழாசிரியர்]
அப்படியானால் எழுதியவர் எங்கே போனார்?

[சென்னை]
அனானி என்றிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அடுத்த பதிப்பிலாவது யோசியுங்கள்.