‘டொக்’ சத்தமும் சனிக்கிழமையும்

குழு: பாட்டியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்
புதன்கிழமை

காலை 6:52
அம்மா: மருத்துவர் இப்போதுதான் பேசினார். சனிக்கிழமை காலையில் அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போகலாமாம். கார் இருக்கை உயரமாக இருக்க வேண்டும். இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. குலுக்கல் ஆகவே ஆகாது.

6:53
சித்தி: அப்பாடா. எந்த வீட்டுக்கு?

6:55
அப்பா: நம் காரிலேயே போய்விடலாம். உயரம் அதற்குத்தான் சரியாக இருக்கும். ஆனால் ஒரு சிக்கல். முன்பக்க இடது ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வடிகிறது. போன மாதத்திலிருந்து வேகத்தடையில் இறங்கும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

6:55
அப்பா: [படம்]

6:57
அண்ணன்: போன மாதத்திலிருந்தா? எனக்குத் தெரிந்து ஆறு மாதமாக.

6:57
அப்பா: நீ வேலைக்குக் கிளம்பு.

7:10
பெரிய மாமா: மாப்பிள்ளை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷாக்கின் மேல் லேசான எண்ணெய்ப் படலம் இருந்து அதில் தூசி ஒட்டியிருந்தால் கவலைப்படத் தேவையில்லை. ஷாக்கின் நடுக்கம்பி ஏறி இறங்கும்போது சீல் வழியாக அவ்வளவு வரத்தான் செய்யும். உங்களுடையது அப்படியில்லை. ஸ்பிரிங் தட்டுக்குக் கீழே அடிவரை ஈரம். சக்கரத்தோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டும் நனைந்திருக்கின்றன. இதற்குப் பெயர் கசிவு. எப்போது மாற்றியது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பில் இருக்கிறதா? மூன்றையும் சொல்லுங்கள்.

7:14
அப்பா: நான்கு ஆண்டு ஆகிறது. 61,000-இல் போட்டோம், இப்போது 1,08,000. கார் கம்பெனியின் ஷாக் இல்லை, வெளியில் வாங்கியது. பெட்டியில் ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று போட்டிருந்தது.

7:15
சின்ன மாமா: யாருடைய வாழ்நாள்?

7:16
அப்பா: [படம்]

7:17
சித்தி: அத்தான், இது வெறும் வெள்ளைத்தாள்.

7:18
அப்பா: அதுதான் பில். எழுத்து அழிந்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தேதி தெரிகிறது.

7:20
அக்கா: அப்பா, வாங்கிய அன்றே படம் எடுத்து வைக்கச் சொன்னேன். அந்தத் தாளெல்லாம் அப்படித்தான், காருக்குள் வெயிலில் கிடந்தால் சீக்கிரம் வெளுத்துவிடும். என்னுடையதும் உத்தரவாதத்தில்தான் மாற்றினேன். புது ஷாக் கொடுத்தார்கள். கழற்றி மாட்டும் கூலி, மவுண்ட் (ஷாக்கின் தலையைக் காரோடு பிணைக்கும் ரப்பர் தாங்கி), வீல் அலைன்மென்ட் (சக்கரங்களை நேராக்குவது) எல்லாம் என் தலையில். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் உத்தரவாதம் என்றும் உள்ளே பொடி எழுத்தில் இருந்தது.

7:21
சின்ன மாமா: அண்ணன் எனக்கு விற்ற நீலக் காருக்கு அதனால்தான் கிடைக்கவில்லையோ?

7:21
பெரிய மாமா: அது வேறு விஷயம்.

7:22
சின்ன மாமா: பின் ஷாக்கைத் துணியால் துடைத்துக் காய வைத்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திய மறுநாள் தரையில் இரண்டு பொட்டு. 2014. நான் மறக்கவில்லை.

7:23
அம்மா: தம்பி, அம்மாவும் இந்தக் குழுவில் இருக்கிறாள். பார்த்து எழுது.

7:24
சித்தி: எந்த வீட்டுக்கு என்று கேட்டேன்.

7:31
பெரிய மாமா: முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், பிறகு முடிவெடுக்கலாம். ஷாக் அப்சார்பர் என்ற பெயரே பொருத்தமில்லாதது. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிய பிறகு அது ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெயில் ஒரு பிஸ்டன். அதிலுள்ள சிறு வால்வுகள் வழியாக எண்ணெய் பிதுங்கிப் போக வேண்டும். அந்த உராய்வில் ஆட்டம் வெப்பமாக மாறிவிடும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் காற்றில்தான் ஆடும். இடது சக்கரம் சாலையில் ஒட்டாமல் துள்ளும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். அதனால் அம்மாவின் இடுப்பு வலியை மட்டும் பார்த்தால் போதாது.

7:32
அண்ணன்: டயரில் ஒரே பக்கம் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்ததே, அது இதனால்தானா?

7:32
பெரிய மாமா: ஆமாம். உள்ளங்கையால் தடவிப் பார். அலை மாதிரித் தெரியும்.

7:40
சித்தி: நான் ஐந்து ஆண்டுக்கு முன் கேஒய்பி பிராண்டு ஷாக் போட்டேன். கம்பெனி ஷாக்குக்கு ஈடானது என்று மெக்கானிக் சொன்னார். 70,000 ஓடிவிட்டது. ஒரு சத்தம் கிடையாது. போட்டதையே மறந்துவிட்டேன்.

7:41
பெரிய மாமா: மறந்துவிட்டாய், அதில்தான் ஆபத்து இருக்கிறது. ஷாக் ஒரே நாளில் கெடாது. தினமும் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. 80,000-இல் மாற்றிவிடச் சொல்கிறது ஷாக் செய்யும் மன்ரோ.

7:42
சித்தி: விற்கிறவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

7:50
பெரிய மாமா: என் காரில் இருப்பது ஒற்றைக் குழாய் வகை, பில்ஸ்டீன் பிராண்டு. ஆறு ஆண்டு, 82,000 கிலோமீட்டர். நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இரட்டைக் குழாய் வகையில் எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில் இருக்கும். மோசமான சாலையில் விடாமல் ஓட்டினால் எண்ணெய் நுரைத்துவிடும், ஷாக் தளர்ந்துபோகும். ஒற்றைக் குழாயில் நடுவே மிதக்கும் பிஸ்டன் ஒன்று இரண்டையும் பிரித்து வைக்கிறது. வாயு என்பது நைட்ரஜன், அது கடும் அழுத்தத்தில் இருக்கும். 1957-இலேயே மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் இது வந்துவிட்டது. முதல் மாதம் விறைப்பாகத்தான் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், மாற்றியது தவறோ என்றுகூட நினைத்தேன். பிறகு பழகிவிட்டது. ஷாக் இளகியதா, என் உடம்பு பழகியதா என்று கேட்டால், என் உடம்புதான் என்று தோன்றுகிறது.

7:52
அத்தை: உங்கள் அண்ணன் எழுதாததை நான் எழுதுகிறேன். மூன்றாவது ஆண்டு கல் தெறித்துப் பின் ஷாக்கில் ஒரு நசுங்கல் விழுந்தது. கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். ஒற்றைக் குழாயில் வெளிச்சுவரை ஒட்டியே பிஸ்டன் ஓடுமாம். நசுங்கினால் அத்தோடு முடிந்தது. இரண்டையும் மாற்றினோம். அது நோட்டில் இல்லை.

7:53
சின்ன மாமா: அண்ணி வாழ்க

7:53
பெரிய மாமா: இது குழுவில் எழுத வேண்டிய விஷயமா?

8:05
அண்ணன்: நான் பின்பக்கம் கோனி பிராண்டு ஷாக் போட்டிருக்கிறேன், விறைப்பைக் கூட்டிக் குறைக்கலாம். கடைக்காரர் அதைச் சொன்னபோது குழாயைத் திருகுவது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். என் காருக்கு வந்த வகையைக் கழற்றி முழுவதும் அமுக்கித்தான் திருக வேண்டும். மூன்று ஆண்டில் ஒரே ஒரு தடவை திருகினேன். அதிகம் வைத்துவிட்டேன். பின் இருக்கையில் யாரும் உட்கார வருவதில்லை.

8:06
அக்கா: அது ஷாக்கினால் இல்லை, நீ போடும் பாட்டினால்.

8:20
அம்மா: வாக்கர் யாரிடம் இருக்கிறது?

8:21
சின்ன மாமா: என் மாமியார் வீட்டில். கேட்டு வாங்க வேண்டும்.

8:21
அம்மா: இன்னுமா திரும்பி வரவில்லை?

8:22
சின்ன மாமா: அவர் அதில் துணி காயப்போடுகிறார் அக்கா. எப்படிக் கேட்பது?

9:15
அப்பா: சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். ரப்பர் உறையை மேலே தூக்கிப் பார்த்தேன்.

9:15
அப்பா: [படம்]

9:16
நான்: கம்பியில் ஏதோ கீறல் இருக்கிறதே.

9:24
பெரிய மாமா: கீறலா? பல் தடம். நன்றாகப் பாருங்கள். வரிசையாக ஆறு கோடு, எதிர்ப்பக்கமும் அப்படியே. குரோம் உரிந்து துரு ஏறியிருக்கிறது. மேல் நட்டை முறுக்கும்போது கம்பி கூடவே சுற்றும். சுற்றாமலிருக்கத் தலையிலுள்ள குழியில் ஆலன் சாவியை (அறுகோணச் சாவி) செருகிப் பிடிக்க வேண்டும். யாரோ பிளையரால் கம்பியையே கவ்விப் பிடித்திருக்கிறார்கள். கார் ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் அந்தப் பிசிறு சீலை அறுத்திருக்கும். நான்கு ஆண்டு தாங்கியதே பெரிது. இதற்கு ஷாக் செய்தவனைக் குறை சொல்ல முடியாது. எந்த மெக்கானிக் செய்தது?

9:25
அண்ணன்: அப்பா, நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?

9:31
அப்பா: வீட்டு வாசலில் நாங்களே மாட்டினோம்.

9:32
அண்ணன்: பிடி என்றார். பிடித்தேன். எதைக் கொண்டு பிடிப்பது என்று சொல்லவில்லை.

9:33
சித்தி: 😂😂

9:34
அம்மா: கூலி மிச்சம் என்று அன்று எல்லோரிடமும் சொன்னார்.

9:40
பெரிய மாமா: போகட்டும். இனிச் செய்ய வேண்டியது இது. இடதை மட்டும் மாற்றக் கூடாது, முன்பக்கம் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ‘டொக்’ சத்தம் ஷாக்கிலிருந்து வருவதாகத் தோன்றவில்லை, மேல் மவுண்டாக இருக்கும். பழைய மவுண்டையே திரும்பப் போட்டீர்களா?

9:41
அப்பா: நன்றாகத்தானே இருந்தது?

9:43
பெரிய மாமா: 61,000 ஓடிய ரப்பர் மாப்பிள்ளை. மவுண்ட், அதிலுள்ள பேரிங், ஷாக் முழுதாக அமுங்கும்போது அடி வாங்கும் பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாம் புதிதாகப் போட வேண்டும். சக்கரத்தைக் காரோடு பிணைக்கும் கீழ்க்கையின் ரப்பர் புஷ் போல்ட்டைத் தளர்த்தினால், கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். முடிந்ததும் அலைன்மென்ட். இந்த முறை மெக்கானிக்கிடம் விடுங்கள், தயவுசெய்து.

9:44
சின்ன மாமா: இவ்வளவும் தெரிந்தவர் எனக்கு விற்கும்போது மட்டும் துணியோடு வந்தார்.

9:45
பெரிய மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

9:45
சின்ன மாமா: படித்துவிட்டேன் அண்ணா.

மதியம் 12:10
அப்பா: மெக்கானிக்கிடம் பேசிவிட்டேன். கம்பெனி ஷாக் திங்கள்கிழமைதான் வருமாம். வெளிக்கம்பெனி ஷாக் வெள்ளிக்கிழமை கிடைக்கும். மவுண்டுக்கு உறுதி சொல்லவில்லை.

12:12
அக்கா: போன முறை போட்டதையே போடாதீர்கள்.

12:13
அப்பா: மச்சான்தான் அதில் குற்றமில்லை என்றாரே.

12:14
அண்ணன்: குற்றம் பிளையருடையது.

12:30
சித்தி: என் காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஷாக் நன்றாக இருக்கிறது.

12:31
அம்மா: உன் கார் இருக்கை தரையோடு இருக்கிறது. அம்மா அதில் உட்கார்ந்தால் முழங்கால் முகத்துக்கு வரும்.

12:31
அத்தை: எங்களுடையதும் தாழ்வுதான். விறைப்பும்கூட.

12:33
நான்: இருக்கை மேல் கெட்டியான மெத்தைத் துண்டு போட்டு உயர்த்தினால்?

12:34
அம்மா: மருத்துவரிடம் கேட்கிறேன்.

12:40
சித்தி: காலையிலிருந்து நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அண்ணன் வீடு மாடி. தம்பி வீட்டில் பகலில் ஆள் இல்லை. அக்கா வீட்டில் குளியலறைப் படி. எந்த வீட்டுக்கு?

12:58
பெரிய மாமா: ஷாக் எது என்று முடிவானால் நேரம் தெரியும். நேரம் தெரிந்தால் மற்றதைப் பேசலாம்.

1:20
பாட்டி: [குரல் செய்தி 0:14]

1:22
சின்ன மாமா: என்ன சொல்கிறாள்? நான் கூட்டத்தில் இருக்கிறேன், கேட்க முடியாது.

1:24
நான்: எந்தக் காராக இருந்தாலும் முன் இருக்கைதான் வேண்டுமாம். சித்தி கேட்டதற்குப் பதில் வந்ததா என்றும் கேட்கிறார்.

2:05
பெரிய மாமா: மாப்பிள்ளை, அந்த வேலைக்கு என்னிடம் ஸ்பிரிங் அமுக்கி வாங்கிப் போனீர்களே, அது இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா?

2:09
அப்பா: இருக்கிறது மச்சான். ஒரு கொக்கி மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கிறது.